காகித விமானமும் கட்டுப் போட்ட காலும்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணத்தன்று மணவறையில் உட்கார வைத்தபோதே இடையில் எழுந்து போய்ப் பந்தல் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் என்று என் மனைவி இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆட்டிப் பார்த்தது உண்மைதான். கால் ஆடியது, அதுவும் உண்மைதான். அப்படிப்பட்டவனை மாதக்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தால் வீட்டில் இருக்கிறவர்கள் கதி என்ன ஆகும்?

அப்போது நான் மலாயா ரயில்வேயில் பயர்மேன். இஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஒரு மழை நாளில் கிள்ளான் யார்டில் இஞ்சினிலிருந்து இறங்கும்போது படி வழுக்கியது. வலது கால் தண்டவாளத்துக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, உடம்பு இந்தப் பக்கம் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக் கட்டில்காரனுக்கு முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அவன் மயக்கம் தெளிந்து போர்வைக்கு மேல் கையால் தடவிக் காலைத் தேடியதைப் பார்த்த பிறகு நான் அங்கே இருப்பேனா? கைநாட்டு, கையெழுத்து எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கே வந்துவிட்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் எலும்பு முறிந்தால் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் சீன வைத்தியரிடம்தான் போவார்கள். சின்சே என்போம். புடுவில் கடை வைத்திருந்த ஒரு சின்சே, எங்கள் குவாட்டர்ஸ் வரிசையில் ஒரு ரயில் கார்டுக்கு முறிந்த தோளை ஒட்டவைத்தவர். அவரைக் கூப்பிட்டோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சைக்கிளில் வருவார், ஒரு துணிப் பை, அவ்வளவுதான். அதிகம் பேச மாட்டார். பேசினால் பாசார் மலாய், சந்தையில் பேசுகிற கொச்சை மலாய். என் காலைத் தொட்டுப் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பச்சிலையும் இஞ்சியும் அரிசிச் சாராயமும் சேர்த்து அரைத்த மருந்தை அப்பி, சுற்றிலும் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். அவர் போனதும் என் மனைவி சாம்பிராணி போடுவாள், சாராய வாடை சாமி படம் வரைக்கும் போகிறதாம்.

வாரத்துக்கு ஒரு தடவை அவிழ்த்து, எலும்பு நகர்ந்திருந்தால் தள்ளி, புதுசாகக் கட்ட வேண்டும். எலும்பு சேர்கிற வரைக்கும் அதை விடக்கூடாது. விட்டால் கோணலாகச் சேர்ந்துவிடும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். எனக்கோ மூன்றாம் மாதக் கடைசியில் ரயில்வே டாக்டர் முன்னால் நடந்து காட்டியாக வேண்டும். நொண்டினால் இஞ்சின் கிடையாது. கேட் சாத்தித் திறக்கிற வேலை கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் குவாட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். இஞ்சின் இல்லாமல் நான் என்ன மனிதன்? இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

குவாட்டர்ஸில் படுத்திருப்பது நரகம். ஒவ்வொரு வண்டியும் காதருகே போகும். ஊதுகிற ஊதலில் எந்த இஞ்சின், யார் டிரைவர் என்று எனக்குத் தெரியும். என் இடத்தில் எவனோ நின்று கரி போட்டுக்கொண்டிருக்கிறான். புகை வருகிற வாசனையிலேயே அவன் சரியாகப் போடவில்லை என்று தெரியும். படுத்தபடியே அவனைத் திட்டுவேன். கட்டுக்குள் அரிக்கும். விசிறிக் காம்பை விட்டுச் சொறிவேன். சோறு குழைந்தால் சண்டை, குழையாவிட்டாலும் சண்டை. மனைவி ஒருநாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள், "இஞ்சின் ஓட்டப் போங்க, இல்லன்னா வாயையாவது மூடிக்கிட்டுக் கெடங்க. ரெண்டுல ஒன்னு."

அவளுடைய தம்பி காப்பார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயிலேறி வந்துவிடுவான். மலிவாக எது கிடைத்தாலும் வாங்கிவிடுகிற பைத்தியம் அவனுக்கு. தேவையா இல்லையா என்பது அப்புறம்தான். அந்த நேரத்தில் கோலாலம்பூரில் ஜப்பான்காரர் கடைகளில் எல்லாச் சாமானும் பாதி விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சீனாவில் ஜப்பான்காரன் குண்டு போடுகிறான், அதனால் இங்கே சீனர்கள் ஜப்பான் சாமான் வாங்குவதில்லை என்று சபதம் எடுத்திருந்தார்கள். மச்சினனுக்கு அது நல்ல காலம். குடை வாங்கினான், பனியன் வாங்கினான், எனக்கு ஒரு காகிதச் சுருள் வாங்கிவந்தான்.

"ஏரோப்ளேன் மாமா. வெட்டி ஒட்டணும். பொழுது போவும், அக்காவும் நிம்மதியா இருக்கும்," என்றான்.

கெட்டிக் காகிதத்தில் அச்சடித்த துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒட்டுவதற்குச் சின்னச் சின்ன ஓரங்கள். இரண்டு இஞ்சின், நீள இறக்கை, இறக்கையில் பெரிய சிவப்பு வட்டம். அதைப் பார்த்ததும் என் மனைவி, "பொட்டு வெச்சிருக்கான் பாருங்க," என்றாள். எப்படி ஒட்டுவது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. எல்லாம் ஜப்பான் எழுத்து, மேலிருந்து கீழாக.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்று இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் கத்தரிக்கோலைக் கேட்டேன். மனைவி ஒன்றும் சொல்லாமல் கொண்டுவந்து வைத்தாள். வடித்த சோற்றை மசித்துப் பசையும் கிளறிக் கொடுத்தாள்.

எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, எண் தெரிந்தால் போதாதா? எந்தத் துண்டு முதலில், எது அடுத்து என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு கோடு போட்டிருந்தது ஒன்று. இரண்டு கோடு இரண்டு. மூன்று கோடு மூன்று. ஆகா, எவ்வளவு சுலபம் என்று நாலு கோட்டைத் தேடினால், காணோம். ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு கால். அதுதான் நாலு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு காலைப் பொழுது ஆனது. இஞ்சின் வேலைக்காரனுக்கு ஒரு சாமான் எங்கே உட்கார வேண்டும் என்று கண் சொல்லிவிடும். அப்படியே விமானத்தின் உடம்பு முழுவதையும் ஒட்டிவிட்டேன். அந்த நாட்களில் வண்டி ஊதினால்கூட எனக்குக் காதில் விழவில்லை. சோறு குழைந்ததா என்று கவனிக்கவில்லை.

இறக்கையில் மாட்டிக்கொண்டேன். மடிக்கிற இடத்தில் ஒரு புள்ளிக் கோடு, ஒரு வெட்டுக் கோடு. எது மேலே மடிப்பது, எது கீழே மடிப்பது? வால் இறக்கையில் ஊகத்துக்கு மடித்து ஏற்கெனவே கெடுத்திருந்தேன். இருப்பது ஒரே தாள். பெரிய இறக்கையையும் கெடுத்தால் முடிந்தது கதை. பக்கத்தில் என்னவோ எழுதியிருக்கிறான், படிக்கத்தான் ஆளில்லை. இரண்டு நாள் அந்த இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மறுபடியும் அரிப்பு, மறுபடியும் சண்டை.

அப்போதுதான் சின்சே கொடுத்த மருந்துப் பொட்டலம் கண்ணில் பட்டது. மேலே சீன எழுத்து. அதில் அந்தப் பெட்டி இருந்தது, உள்ளே இரண்டு காலோடு. கையைக் காலை விரித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி ஓர் எழுத்து, அது தாளிலும் இருந்தது. தாளையும் பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். அட, எழுத்து ஒன்றுதான். நம் சின்சேக்கு இது தெரியும். எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து நடந்துவிடுவேன் போலிருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பொட்டலத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், "இருக்கட்டும், அவர்கிட்டப் போயி இதக் கேக்காதீங்க," என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் எதைத்தான் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தாள்?

சின்சே வந்தார். பழைய கட்டை அவிழ்த்தார், கண்ணை மூடி எலும்பைத் தடவினார், மருந்து அப்பினார், பத்தை வைத்துக் கட்ட ஆரம்பித்தார். கடைசி முடிச்சுக்கு முன்னால் என்னால் பொறுக்க முடியவில்லை. தாளை நீட்டினேன். "இந்த இடத்துல என்ன எழுதியிருக்கு? மேல மடிக்கவா, கீழ மடிக்கவா?" என்று எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன்.

அவர் தாளை வாங்கிச் சன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். கண் மேலிருந்து கீழே போயிற்று, மறுபடி மேலே வந்தது. அவரால் படிக்க முடிகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. பாதி ஒட்டி வைத்திருந்த விமானத்தையும் எடுத்துக் காட்டினேன். இறக்கை இங்கே வரும், குண்டு போடுகிற கதவு இங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினேன். அதைக் காட்டியிருக்க வேண்டாம்.

அவர் தாளை மடித்து என் நெஞ்சின்மேல் வைத்தார். மிச்சமிருந்த முடிச்சைப் போட்டார். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை, எப்போதும் போலத்தான் போட்டார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர், என்னிடம் சொல்லாமல் என் மனைவியிடம் சொன்னார், இனிமேல் வரமாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சைக்கிள் மணி கேட்டது.

"ஒரு காகிதத்துக்கா?" என்று நான் கத்தினேன். "இங்க இருக்கிற மனுசனுக்கும் அங்க நடக்கிற சண்டைக்கும் என்ன?"

மனைவி வாசலில் நின்றுகொண்டே சொன்னாள். "பாசார்ல ஒவ்வொரு சீனன் கடையிலயும் உண்டியல் தொங்குது, அங்க அடிபட்டவங்களுக்கு. மீன்காரி நேத்து மீன் வெட்டிக்கிட்டே அழுவுறா. ஒங்களுக்கு என்ன தெரியும், வீட்டுக்குள்ள கெடக்குறீங்க. நாந்தான் கேக்காதீங்கன்னேனே."

"ஏன்னு சொன்னியா?"

"ஏன்னு கேட்டீங்களா?"

சீனாவில் சண்டை நடப்பது எனக்கும் தெரியும். பத்திரிகையில் இருந்தது, மச்சினன் வாயில் பாதி விலையாக இருந்தது. என் காலைப் பிடித்துக் கட்டுகிற மனிதருக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், தாளில் இருந்தது எனக்கு ஒரு விமானம், அவ்வளவுதான்.

வாரம் முடிந்தது, அவர் வரவில்லை. வீக்கம் வடிந்ததில் கட்டு தொளதொளவென்று ஆகிவிட்டது. திரும்பிப் படுத்தால் உள்ளே ஏதோ நகர்வது எனக்கே தெரிந்தது. பயம் பிடித்துக்கொண்டது. மனைவியைப் புடுவுக்கு அனுப்பினேன். அவர் மருந்து இடித்துக்கொண்டே தலை நிமிராமல் "சுடா" என்றாராம், முடிந்துவிட்டது என்று. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் அழுதாள். போர்வையைத் தடவிய அந்தக் கை என் கண்முன் வந்தது. மாட்டேன் என்றேன். படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கோபத்தில் அந்த இறக்கையை எடுத்து, மேலோ கீழோ எதுவோ ஒன்று என்று மடித்து ஒட்டினேன். சரியாக உட்கார்ந்தது. விமானம் முடிந்துவிட்டது. அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா மாமா?" என்றான். "ரோட்டுல போயிப் பாருங்க. சீனப் பசங்க ஜப்பான் துணி, ஜப்பான் குடை எல்லாத்தையும் குமிச்சு வெச்சுக் கொளுத்துறானுங்க. நீங்களும் இத எடுத்துக்கிட்டுப் போயி அவரு முன்னாடியே கொளுத்திப் போடுங்க. மனசு குளுந்துரும்."

அவன் பேச்சில் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. என் மனைவிக்கும் பட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலை ரிக்‌ஷா பிடித்தோம். இழுப்பவன் சீனன் என்பதால் விமானத்தைப் பழைய சேலையில் சுற்றி மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். என் காலை ஒரு பலகையில் கட்டி நீட்டி வைத்திருந்தோம். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து புடு வரைக்கும் ரோட்டில் எத்தனை மேடு பள்ளம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் எலும்பு ஒன்றோடொன்று உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடை முன்னால் அஞ்சடியில், அந்த மூடின நடைபாதையில், மனைவி என்னைத் தூணில் சாய்த்து நிற்க வைத்தாள். நான் கெஞ்சுவதை அவள் பார்க்கக்கூடாது என்று ரிக்‌ஷாவுக்கே போகச் சொல்லிவிட்டேன். உள்ளே சின்சே தனியாக இருந்தார். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. நான் ஒற்றைக் காலில் நின்றபடி, மனைவி கொடுத்துவிட்டுப் போன சேலையைப் பிரித்து, குனிந்து விமானத்தை அவர் வாசல்படியில் வைத்தேன். "பாருங்க," என்று சொல்லித் தீக்குச்சியைக் கிழித்து வாலில் வைத்தேன். குப்பென்று பற்றியது.

அந்த நிதானமான மனிதர் பாய்ந்து வந்தார். எரிகிற காகிதத்தை வெறுங்கையால் பிடித்து, சட்டையோடு சேர்த்து அமுக்கி அணைத்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜாங்கான் பாக்கார்," என்றார். எரிக்காதே.

"உங்களுக்காகத்தான் எரிக்கிறேன். உங்க பிள்ளைங்களே ரோட்டுல எரிக்கிறாங்களே," என்றேன். எனக்கும் கோபம் வந்துவிட்டது. வலி வேறு.

அவர்கள் எரிப்பது துணி, குடை, அது வேறு என்றார். காகிதத்தில் ஒன்றை இப்படிச் செய்து எரித்தால் அது அந்தப் பக்கம் போய்ச் சேரும் என்றார்.

எந்தப் பக்கம் என்று கேட்க வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். சீனர் வீட்டுச் சாவு எத்தனை பார்த்திருக்கிறேன். காகிதத்தில் வீடு, காகிதத்தில் குதிரை, காகிதத்தில் வேலைக்காரன், எல்லாவற்றையும் கொளுத்துவார்கள், செத்தவர்களுக்குப் போய்ச் சேருவதற்காக. இஞ்சின் மேலிருந்து அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இவ்வளவு வருஷம் இந்த ஊரில் இருந்தும் என் மண்டைக்கு அப்போதுதான் அது ஏறியது.

"அங்க யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

சின்சே கருகின கையைத் தன் இடுப்பு உயரத்தில் காட்டினார். பிறகு அதற்கும் கீழே, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே காட்டினார். மகள் வயிற்றுப் பிள்ளைகளாம். மகள் தப்பிவிட்டாளாம். போன மாதம்தான் சீனாவிலிருந்து சேதி வந்ததாம்.

"ஒரு தடவை வந்தது போதும்," என்றார். "அங்கேயும் இது அவர்களைத் தேடிப் போக வேண்டாம்."

அவர் விமானத்தை உள்ளே கொண்டுபோய், கை கழுவுகிற பேசினில் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். சோற்றுப் பசை ஊறி ஒவ்வொரு துண்டாக விட்டது. இறக்கை கழன்றது, சிவப்புச் சாயம் தண்ணீரில் இறங்கியது. கூழாகும் வரைக்கும் பிசைந்தார். பிறகு வந்து என் அக்குளில் தோளைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போய், "துடோக்," என்றார். உட்கார்ந்தேன்.

எலும்பு நகர்ந்துதான் இருந்தது. இழுத்துத் தள்ளினார், கட்டினார், அதற்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தவறாமல் சைக்கிளில் வந்தார். மூன்றாம் மாதக் கடைசியில் டாக்டர் முன்னால் நடந்தேன், இஞ்சினில் ஏறினேன். விமானத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆனால் அன்று அவர் எலும்பைத் தள்ளியபோது கடைக்குள்ளேயிருந்து ஓர் அலறல் கிளம்பித் தெரு முழுக்கக் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, வாய் திறந்திருந்த அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் வாய் மூடியிருந்தது. வெளியே ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருந்த என் மனைவி அந்தச் சத்தம் என்னுடையது என்றுதான் இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.